அரை மணி நேரத்துக்கா இவ்வளவு கோபம்?

கேள்வி: எனக்கு 36 வயது. கரூரில் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளராக இருக்கிறேன். கணவர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். அவருக்குச் சர்க்கரை, முழங்கால் வலி. கணவர் நல்லவர், சொன்ன வேலையைச் செய்வார். ஆனாலும் எனக்கு எந்நேரமும் ஒரு பரபரப்பு. உட்கார்ந்தாலும் உட்கார்ந்த மாதிரியே இல்லை. ஒரு நாள் அவர் மகனுக்கு டிபன் கட்டினார். தயிர் சாதத்தை ஸ்நாக்ஸ் டப்பாவில் அடைத்திருந்தார். நான் பிரித்து மறுபடி கட்டினேன். அதிலிருந்து சண்டை. "எனக்கு மட்டும் நேரம் கொட்டிக் கிடக்கிறதா?" என்றார். சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் என்னென்ன செய்தோம் என்று எழுதினோம். அவருக்கு ஓய்வு மூன்றரை மணி நேரம், எனக்கு மூன்று மணி நேரம். "அரை மணி நேரத்துக்கா இவ்வளவு கோபம்?" என்று சிரித்தார். எனக்குப் பதில் வரவில்லை. இரவு எல்லோரும் தூங்கிய பிறகு பன்னிரண்டரை வரை போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலை ஐந்தரைக்கு எழ முடியவில்லை. பிபி, தைராய்டு பார்த்துவிட்டேன், நார்மல். எனக்கு மனதில் ஏதாவது கோளாறா? நாங்கள் எழுதிய தாளையும் இணைத்திருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், கரூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மனக்கோளாறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. நல்ல களைப்பு தெரிகிறது. தைராய்டு பார்த்தீர்கள், சரி. ஹீமோகுளோபின் பார்த்தீர்களா? கடிதத்தில் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருந்தது. மனசு சரியில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பலரை நான் முதலில் அனுப்புவது ரத்தப் பரிசோதனைக்குத்தான். இந்த வாரமே அதை முடித்துவிடுங்கள்.

இனி அந்தத் தாள்.

கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதிய இப்படி ஒரு தாளை எனக்கு அனுப்பியவர்கள் அபூர்வம். நாலைந்து தடவை படித்தேன். உங்கள் கணவர் கூட்டியதில் தப்பில்லை. ஆனால் அவர் பக்கத்தில் இரண்டே வரி: காலை 7 முதல் 8 வரை காபி, பேப்பர், மதியம் 3 முதல் ஐந்தரை வரை கிரிக்கெட். உங்கள் பக்கத்தில் நாலு வரி. நாலிலும் அடைப்புக்குறி. "டீ (குக்கர் வைத்துவிட்டு)". "டிவி (பீன்ஸ் நறுக்கினேன், பாப்பாவைத் தூங்க வைத்தேன், அத்தைக்கு வெந்நீர்)". "அக்காவிடம் போன் (துணி மடித்தபடி)". "டிவி (மாவு ஆட்டி முடியும் வரை)". கூட்டும்போது இருவருமே அடைப்புக்குறிக்குள் இருந்ததை விட்டுவிட்டீர்கள்.

காசாளருக்கு இது சட்டென்று புரியும். ஐநூறு ரூபாய் நோட்டு ஒன்றும், ஐநூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் நாணயங்களாக ஒரு பையும் லெட்ஜரில் ஒரே தொகைதான். கவுன்ட்டரில் அந்தப் பையை வாங்கி எண்ணுகிறவருக்கு ஒன்றா? உங்கள் கணவருக்குக் கிடைத்தது இரண்டு நோட்டு. உங்களுக்குக் கிடைத்தது சில்லறை, அதுவும் அங்கங்கே சிதறி. இரண்டரை மணி நேரம் ஒரே மூச்சில் கிரிக்கெட் பார்க்கிறவர் எழுந்திருக்கும்போது தெளிந்து எழுவார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்தவருக்கு அந்த நாலு துண்டையும் சேர்த்தாலும் ஓய்வு எடுத்த ஞாபகமே இருக்காது. இன்னொன்றும் உண்டு. அவர் ஒரு விக்கெட்டைக்கூடத் தவறவிடாமல் பார்க்க முடிந்தது, அந்த நேரத்தில் பாப்பா அழுதால் எழுந்து போக வேறொருவர் இருந்ததால்தான்.

ஊர் உலகத்துக் கணக்கும் உங்கள் வீட்டுக் கணக்கு மாதிரியேதான் வருகிறது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024இல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் பொழுதுபோக்கு, டிவி, விளையாட்டு என்று கழிப்பது ஆண்களுக்கு நாளொன்றுக்கு 177 நிமிடம், பெண்களுக்கு 164 நிமிடம். வித்தியாசம் 13 நிமிடம். உங்கள் கணவரிடம் காட்டினால் இன்னும் கொஞ்சம் சிரிப்பார். அதே கணக்கெடுப்பின் இன்னொரு வரியையும் சேர்த்துக் காட்டுங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலை: அதைச் செய்த பெண்களுக்குச் சராசரி 289 நிமிடம், செய்த ஆண்களுக்கு 88 நிமிடம். ஆண்கள் சம்பள வேலையில் அதிக நேரம் இருக்கிறார்கள், பெண்களில் பெரும்பாலோர் சம்பள வேலைக்கே போவதில்லை. அதனால் ஓய்வு என்ற வரி கடைசியில் ஏறக்குறைய சமமாக வந்து நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளை முதல் தாத்தா பாட்டி வரை எல்லோரையும் சேர்த்த கணக்கு இது. காலை பத்து மணிக்கு வங்கியில் பணப்பெட்டியைத் திறந்து, மாலை ஆறு மணிக்கு வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கிறவர் அந்தச் சராசரிக்குள் எங்கோ ஒளிந்துகொண்டிருக்கிறார்.

இந்தக் கணக்கை எப்படி எடுக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தாளில் நடந்ததே அங்கேயும் நடக்கிறது. முந்தைய நாள் அதிகாலை 4 மணியிலிருந்து 24 மணி நேரத்தை அரை அரை மணியாகப் பிரித்துக் கேட்பார்கள். ஒரே அரை மணிக்குள் பல வேலை செய்திருந்தால் மூன்று வரை குறித்துக்கொள்வார்கள். பீன்ஸ் நறுக்கியது அதில் ஏறிவிடும். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று காது எண்ணிக்கொண்டிருந்ததை ஏற்ற இடம் கிடையாது. (தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1998-99இல் ஆறு மாநிலங்களில் முன்னோட்டமாக இந்தக் கணக்கை எடுத்தபோது நம் மாநிலமும் அதில் இருந்தது. கால் நூற்றாண்டாகக் காது மட்டும் கணக்கில் வரவில்லை.)

வெளிநாட்டில் இதைக் கொஞ்சம் நுணுக்கமாகத் தோண்டியிருக்கிறார்கள். மைக்கேல் பிட்மன், ஜூடி வாஜ்மன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியா உட்படப் பல நாடுகளின் நேரக் குறிப்புகளை அலசி 2000இல் எழுதினார்கள். மொத்த ஓய்வு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றே அவர்களுக்கும் வந்தது. அத்தோடு நிறுத்தாமல் உள்ளே பிரித்துப் பார்த்தார்கள். வேறு வேலை கலக்காத ஓய்வு எவ்வளவு? இடையில் அறுபடாத ஓய்வு எவ்வளவு? பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத ஓய்வு எவ்வளவு? அப்போதுதான் ஆண்கள் பக்கம் தராசு சாய்ந்தது. அமெரிக்காவில் மேரிபெத் மேட்டிங்லியும் லியானா சேயரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஓய்வு நேரம் கூடினால் ஆண்களுக்கு அவசர உணர்வு குறைகிறது. பெண்களுக்கு அப்படிக் குறையவில்லை என்று கண்டார்கள். ஆகவே "சரி, அந்த அரை மணி நேரத்தையும் நீயே வைத்துக்கொள்" என்று கணவர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தாலும் பரபரப்பு போகாது. அந்த அரை மணியிலும் இன்னொரு அடைப்புக்குறி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"சொன்ன வேலையைச் செய்வார்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாராட்டாகத்தான் எழுதினீர்கள், எனக்கும் அது புரிகிறது. ஆனால் அந்த வாக்கியத்தில்தான் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். சொல்வது யார்?

உங்கள் மாமியாரின் சர்க்கரை மாத்திரையை எடுத்துக்கொள்வோம். கடைக்குப் போய் வாங்கி வருகிறவர் கணவர். வண்டியில் பத்து நிமிட வேலை, அவர் கணக்கில் பத்து நிமிடம் ஏறிவிடும். அட்டையில் நாலு மாத்திரைதான் பாக்கி என்று புதன்கிழமையே பார்த்தது யார்? டாக்டர் போன மாதம் அளவை மாற்றினாரே, பழைய சீட்டா புதிய சீட்டா என்று தேடியது? "இன்றைக்கு வரும்போது வாங்கிட்டு வாங்க" என்று காலையில் ஒரு முறையும், மாலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு முறையும் சொன்னது? வாங்கி வந்த பிறகு அதே மாத்திரைதானா என்று திருப்பிப் பார்த்தது? அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி 2019இல் இதையே எழுதினார். வீட்டு நிர்வாகத்தில் தலைக்குள் நடக்கிற வேலை நாலு: வரப்போவதை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கிற இடத்தில் கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் மனைவியிடம்தான். அந்த இரண்டுக்கும்தான் நேரம் காலம் கிடையாது. குளிக்கும்போது வரும், பேருந்தில் வரும், உங்கள் விஷயத்தில் நோட்டு எண்ணும்போதும் வரும் என்று நினைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு உடனே போய்க் கணவரோடு சண்டை போடாதீர்கள். மெர்ச்சண்டைசர் வேலை எனக்குக் கொஞ்சம் தெரியும். கப்பல் தேதி நெருங்கினால் அந்த மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. வெளிநாட்டு பையரின் மெயில் நம் ஊர் இரவு நேரம் பார்த்துத்தான் வரும். அவரும் களைத்துத்தான் இருக்கிறார். அவர் எதையும் திட்டமிட்டு உங்கள் தலையில் கட்டவில்லை. தன் அம்மா அப்பா வீட்டில் பார்த்ததைத் தொடர்கிறார், அந்த வீட்டில் அம்மா வேலைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். அலுவலகத்தில் ஒரு ஆர்டரை நூலில் தொடங்கி கன்டெய்னர் ஏறும் வரை பின்தொடர்கிற ஆளுக்கு வீட்டில் மட்டும் பின்தொடரத் தெரியாது என்று நீங்களும் நம்ப வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் இன்னொரு தாள், இந்த முறை ஒரு வாரத்துக்கு, இருவரும். மூன்று பத்தி போடுங்கள். என்ன செய்தேன், அப்போது மனதிலோ காதிலோ வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது, எத்தனை முறை எழுந்தேன். மணிக்கணக்கைக் கூட்டவே வேண்டாம். மூன்றாவது பத்தியை மட்டும் கூட்டுங்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் அந்த வாரம் முடியும் வரை பார்க்கக் கூடாது. பார்த்தால் அது தாள் இல்லை, குற்றப்பத்திரிகை.

அது முடிந்ததும் இரண்டு பொறுப்புகளை முழுசாகக் கை மாற்றுங்கள். உதவி என்று கேட்காதீர்கள். என் யோசனை: ஒன்று, அவருடைய அம்மாவின் மருத்துவம். மாத்திரை, ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை, டாக்டர் தேதி எல்லாம் அவர் தலையில். இரண்டு, மகனின் பள்ளி. டைரி, கட்டணம், ப்ராஜெக்ட், வாட்ஸ்அப் குரூப். குரூப்பிலிருந்து நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். இருந்தால் படிப்பீர்கள், படித்தால் சொல்வீர்கள். என்னிடம் வந்த ஒருவர், பெரிய நிறுவனத்தில் இன்ஜினீயர், இப்படிப் பள்ளிக் குரூப்பை ஏற்றுக்கொண்டார். மூன்று வாரம் கழித்து வந்தவர், "வேலைன்னு பார்த்தா ஒண்ணுமே இல்ல மேடம், ஆனா மறக்கவே விடமாட்டேங்குது" என்றார். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

கஷ்டமான பகுதி உங்கள் பக்கம் இருக்கிறது. தயிர் சாத டப்பா. அதை ஏன் பிரித்துக் கட்டினீர்கள்? ஸ்நாக்ஸ் டப்பாவில் இருந்தால் தயிர் சாதம் தயிர் சாதமாகத்தானே இருக்கும்? கசிந்து பையில் ஊற்றியிருக்கும் என்பீர்கள். ஊற்றட்டும். மகன் வந்து அப்பாவிடம் சொல்வான், அப்பா நாளைக்கு வேறு டப்பா எடுப்பார். அவர் கட்டியதை நீங்கள் பிரித்த நிமிடத்தில் அந்த வேலை மறுபடி உங்களிடம் வந்துவிட்டது, அவருக்கும் இனி கட்டக் கூடாது என்ற பாடம் கிடைத்துவிட்டது. முதல் மாதம் எப்படியும் ஏதாவது தவறும். எல்லாப் பிள்ளைகளும் மஞ்சள் சட்டையில் வரும் நாளில் உங்கள் மகன் யூனிஃபார்மில் போய் நிற்பான். மிஸ் உங்களுக்குத்தான் போன் செய்வார், அப்பாவுக்குச் செய்யமாட்டார், அதையும் எதிர்பாருங்கள். கணவர் எண்ணைக் கொடுத்துவிட்டு வையுங்கள். மாத்திரை மட்டும் விதிவிலக்கு. அதில் தவறவிட்டு வேடிக்கை பார்க்க முடியாது. முதல் இரண்டு மாதம் ஞாயிறன்று இருவரும் சேர்ந்து அட்டையைப் பார்த்துவிடுங்கள்.

இதை எழுதுகிற நான் ஒன்றும் தேறியவள் அல்ல. என் கணவர் ஓய்வு பெற்ற பிறகு சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டார். இன்றைக்கும் அவர் தாளிக்கும்போது நான் ஹாலிலிருந்து மூக்கால் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாமியாரைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. ஆனால் மகன் மாத்திரைச் சீட்டோடு அலைவதைப் பார்த்தால் "பாவம், அவன் வேலை முடிச்சு இப்பதானே வந்தான்" என்று ஒரு வாக்கியம் வரலாம். அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். "என் அம்மாவுக்கு நான்தானேம்மா பார்க்கணும்" என்று அவர் சொன்னால் அத்தை உள்ளூர மகிழ்ந்துதான் போவார். நீங்கள் சொன்னால் வேறு மாதிரி காதில் விழும்.

அடுத்து, வாரத்தில் இரண்டு மணி நேரம் வீட்டை விட்டு வெளியே போங்கள். வீட்டுக்குள் கிடைக்கிற ஓய்வில் காது வேலை செய்துகொண்டேதான் இருக்கும், கதவைச் சாத்திக்கொண்டாலும். சனிக்கிழமை மாலை ஐந்து முதல் ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். பசுபதீஸ்வரர் கோயில் பிரகாரத்தில் போய் உட்காருங்கள், நூலகம் போங்கள், தோழி வீட்டுக்குப் போங்கள், எங்கேயாவது. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். திரும்பும் வழியில் காய் வாங்கி வருவதும் கூடாது. அது மறுபடி அடைப்புக்குறி. அதே போல அவருக்கும் இரண்டு மணி நேரம் உண்டு, அவர் கிரிக்கெட்டோ நண்பர்களோ எதையும் வைத்துக்கொள்ளட்டும். அவருடைய நேரத்தில் நீங்கள் பொறுப்பு, உங்கள் நேரத்தில் அவர் பொறுப்பு. முதல் இரண்டு சனிக்கிழமை நாலைந்து போன் வரும். "ஜட்டி எங்கே இருக்கு" என்ற கேள்விக்கெல்லாம் உங்கள் அலமாரி பதில் சொல்லும். எடுக்காதீர்கள்.

இரவு பன்னிரண்டரை வரை போன் பார்ப்பதைப் பற்றிக் குற்ற உணர்வோடு எழுதியிருக்கிறீர்கள். நாள் முழுக்க உங்களை யாரும் கூப்பிடாத நேரம் அது ஒன்றுதான், அதனால் விட மனமில்லை. அதைத் திட்டினால் போகாது. வேறெங்காவது அந்த நேரம் கிடைத்தால் தானாகக் குறையும், பெரும்பாலானவர்களுக்குக் குறைந்திருக்கிறது. அதுவரைக்கும் ஒன்று செய்யுங்கள். ஒன்பது மணிக்கு டிவி முன்னால் மாவுக்காகக் காத்திருக்கிறீர்களே, வாரத்தில் இரண்டு நாள் கடை மாவு வாங்குங்கள். அத்தைக்குப் பிடிக்காது, தெரியும். அந்த இரண்டு நாளும் பதினொன்றுக்குத் தூங்கப் போங்கள்.

நான் கடிதத்தை மட்டும் பார்த்துத்தான் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் வராமல் போனாலோ, பிடித்ததிலெல்லாம் ஆசை விட்டுப்போனாலோ, காரணமில்லாமல் அழுகை வந்தாலோ, இருந்து என்ன பயன் என்று தோன்றினாலோ, மேலே சொன்ன எதற்கும் காத்திருக்க வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே பேச வேண்டுமென்றால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

உங்கள் கணவர் இந்தப் பதிலைப் படிப்பார் என்றே நினைக்கிறேன். அவருக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிறு மூன்றிலிருந்து ஐந்தரை வரை ரிமோட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு, பீன்ஸ், பாப்பா, வெந்நீர், குக்கர் எல்லாவற்றையும் நீங்கள் பாருங்கள் தம்பி. ஸ்கோரைக் காதில் கேட்டுக்கொள்ளலாம். ஐந்தரைக்கு, எத்தனை விக்கெட் நேரில் பார்த்தீர்கள் என்று அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.